எப்போதும் ஜெயிக்கணுமா பாஸ்?



மதுரையிலேர்ந்து தூத்துக்குடி போற பஸ்ல ஜன்னல் சீட்டாப் பிடிச்சு உட்காருங்க. எட்டயபுரம் தாண்டினதும் ரெண்டு பக்கமும் கறுப்பா ஒரு கடல் விரியும். தண்ணி இல்லாத கடல். கரிசல்! கொஞ்ச நேரத்துல கண்டக்டர் ஒரு ஊர் பேரைச் சொல்லி விசில் அடிப்பார். புதுசா வர்றவங்க கட்டாயம் திரும்பிப் பார்ப்பாங்க.

'எப்போதும்வென்றான் எல்லாம் இறங்கு!'

ஆமா பாஸ், ஊர் பேரே அதுதான். தூத்துக்குடி மாவட்டம், ஓட்டப்பிடாரம் தாலுகா. என் சொந்த ஊர்.

இப்படி ஒரு பேரை வெச்சுக்கிட்டு ஹாஸ்டல்ல காலம் தள்றது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குப் புரியாது. கேரம்ல தோத்தா, 'என்னடா எப்போதும்வென்றான்!' எம்-3ல அரியர் விழுந்தா, 'மச்சி, ஊர் பேரை மாத்த மனு போடு!' மெஸ்ல கடைசி முட்டை கிடைக்கலைன்னாகூட இதே டயலாக்தான்.

சரி, சிரிச்சுட்டுப் போகலாம். ஆனா போன மாசம் நடந்த மேட்டர்ல எனக்குச் சிரிப்பு வரலை.

கேம்பஸ் இன்டர்வியூ. ஆப்டிட்யூட் கிளியர். குரூப் டிஸ்கஷன் கிளியர். டெக்னிக்கலும் ஓ.கே. கடைசியா ஹெச்.ஆர். ரவுண்ட். 'சொந்த ஊர் எது?'னு கேட்டார். சொன்னேன். அவர் பளிச்னு சிரிச்சு, 'அப்போ இன்னிக்கும் நீங்கதான் வின்னர்!'னார். எனக்குள்ள பட்டாம்பூச்சி பறந்துச்சு. சாயங்காலம் லிஸ்ட் வந்துச்சு. என் பேர் இல்லை.

அன்னிக்கு ராத்திரிலேர்ந்து மண்டைக்குள்ள ஒரே ரீப்ளே. 'அந்தக் கேள்விக்கு வேற மாதிரி சொல்லியிருக்கலாமோ?', 'கையைக் கட்டி உட்கார்ந்தது தப்போ?', 'அவர் சிரிச்சது நக்கலோ?' விடிய விடிய இதே. சாப்பாடு இறங்கலை. செலக்ட் ஆன ரூம்மேட் ட்ரீட்டுக்குக் கூப்பிட்டப்ப, தலைவலின்னு பொய் சொல்லிப் போர்த்திக்கிட்டுப் படுத்தேன். உங்கள்ல எத்தனை பேர் இந்தப் போர்வைக்குள்ள இருந்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இந்த வாரம் இந்த சப்ஜெக்ட்.

விட்டுத்தள்றது எப்படி?

'விட்டுத்தள்ளு மச்சி'னு சொல்றது ஈஸி. எப்படி விடுறதுன்னு மட்டும் எவனும் சொல்ல மாட்டான். எனக்குச் சொன்னவர் என் தாத்தா. அப்புறம் சீனாக்காரர் ஒருத்தர். அதுக்கப்புறம்... கரிசல் மண்ணு!

தோண்டிப் பார்த்தா முளைக்குமா?

அந்த வார லீவுக்கு ஊருக்குப் போனேன். தாத்தா புஞ்சையில நின்னுக்கிட்டிருந்தார். புரட்டாசி வெயில். மண்ணு மாவா கிடக்கு. ஒரு சொட்டு மழை இல்லை. டிராக்டர்ல விதைப்பு ஓடிக்கிட்டிருக்கு!

மழையே பெய்யாம விதைப்பா? பாசன ஊர்க்காரங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும். எங்க பக்கம் இது வழக்கம். கோவில்பட்டி வட்டாரத்துல வருஷத்துக்கே சுமார் 700 மில்லிமீட்டர்தான் மழை. அதுல பாதிக்கு மேல ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழையா கொட்டும். மழை பெஞ்சதுக்கப்புறம் கரிசல்ல கால் வைக்க முடியாது. செருப்போட நாலு கிலோ மண்ணு ஒட்டிக்கும். டிராக்டரும் இறங்காது. அது காயுற வரைக்கும் காத்திருந்தா பருவம் போயிடும். அதனால மழைக்கு முன்னாடியே காஞ்ச மண்ணுல விதைச்சிடுவாங்க. முன்பருவ விதைப்புன்னு விவசாய ஆபீசர்கள் சொல்ற மேட்டர் இதுதான்.

'எய்யா, என்ன மூஞ்சி வெந்த கத்திரிக்கா மாதிரி கெடக்கு?'ன்னார் தாத்தா.

இன்டர்வியூ கதையைச் சொன்னேன். அவர் அதுக்கு ஒண்ணும் சொல்லலை. குனிஞ்சு மண்ணை விலக்கி ஒரு மக்காச்சோள விதையைக் காட்டினார்.

'எம்புட்டு ஆழத்துல கெடக்கு பாத்தியா? மூணு வெரக்கடை. மேலால போட்டா சின்னத் தூத்தலுக்கே ஏமாந்து மொளச்சிரும். பெறகு பத்து நாள் மழை இல்லேன்னா கருகிப் போகும். ஆழத்துல கெடந்தா, நல்ல மழை பெஞ்சாத்தான் முழிக்கும்.'

'மழை எப்ப வரும் தாத்தா?'

'அது மழைக்குத்தான் தெரியும்.'

'அதுவரைக்கும் நீங்க என்ன பண்ணுவீங்க?'

'என்ன பண்ண? கோடையில உழுதாச்சு. வெதைய நேர்த்தி பண்ணியாச்சு. ஆழம் பாத்துப் போட்டாச்சு. என் சோலி முடிஞ்சிது. இனிமே வானத்தோட சோலி. நான் தெனமும் வந்து மொளச்சிருச்சா, மொளச்சிருச்சான்னு தோண்டிப் பாத்தா, மொளைக்கிற வெதையும் கெட்டுப் போகும்லய்யா?'

சொல்லிட்டு விதையை மூடி மிதிச்சுட்டு, டிராக்டர் பின்னால போயிட்டார்.

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. பத்து நாளா நான் பண்ணிக்கிட்டிருந்தது அதைத்தானே? முடிஞ்ச இன்டர்வியூவை ராத்திரி ராத்திரி தோண்டித் தோண்டிப் பார்த்துக்கிட்டிருந்தேன்!

சீனத்துத் தாத்தா

இப்போ சீனாக்காரர் மேட்டருக்கு வருவோம். லாவோ ட்சு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஆளு. இவர் பேர்ல 'தாவோ தே ஜிங்'னு ஒரு குட்டிப் புத்தகம் இருக்கு. மொத்தமே 81 சின்னச் சின்ன அத்தியாயம். கவிஞர் சி.மணி அதைத் தமிழ்ல தந்திருக்கார். செமஸ்டர் புத்தகத்துல ஒரு யூனிட் அளவுகூட வராது. ஆனா படிச்சு முடிக்க ஆயுசு பத்தாதுன்னு சொல்றாங்க!

அதுல அடிக்கடி வர்ற ஒரு வார்த்தை, 'வூ-வெய்'. நேரடியா அர்த்தம் சொன்னா, 'செய்யாமை'. இதைக் கேட்டதும் நம்ம பசங்க, 'சூப்பர் மச்சி, நாளைக்கு லேப் ரெக்கார்ட் எழுத வேண்டாம்!'னு குதிப்பாங்க. அவசரப்படாதீங்க. சோம்பேறித்தனத்துக்குப் பேர் வூ-வெய் இல்லை. காரியத்தோட போக்குக்கு எதிரா மல்லுக்கட்டாம இருக்கிறது. தண்ணியைத்தான் அவர் திரும்பத் திரும்ப உதாரணம் காட்டுறார். தண்ணி பாறையோட சண்டைக்குப் போகாது. சுத்திக்கிட்டுப் போகும். பள்ளத்தைத் தேடி இறங்கும். ஆனா கடைசியில பாறைதான் தேயும்.

இன்னொரு ஐடியாவும் அவர்கிட்ட இருக்கு. படிப்புங்கிறது நாளுக்கு நாள் சேர்க்கிற சமாசாரம். தாவோ வழிங்கிறது நாளுக்கு நாள் குறைச்சுக்கிட்டே வர்ற சமாசாரம். நாம மார்க், சர்டிஃபிகேட், ஃபாலோயர்னு சேர்க்க மட்டும்தான் பழகியிருக்கோம். இறக்கி வைக்க யாரும் சிலபஸ்ல சொல்லித்தரலை.

'இதெல்லாம் சீன சரக்கு, நமக்கெதுக்கு?'னு கேட்கிறீங்களா? நம்ம வீட்டுப் பரண்லயே இருக்கு பாஸ். புறநானூறு 192. கணியன் பூங்குன்றனார் பாட்டு. அதோட முதல் வரி நம்ம எல்லாருக்கும் தெரியும். கல்ச்சுரல்ஸ் பேனர்ல போட்டுட்டு அத்தோட நிறுத்திடுவோம். மிச்சத்தைப் படிச்சுப் பாருங்க. மலையில மழை கொட்டி, கல்லுல மோதிப் பாயுற ஆத்துல ஒரு தெப்பம் எப்படிப் போகுமோ, அப்படித்தான் உயிரும் முறைப்படி போகும்னு சொல்றார். அதோட நிறுத்தலை. அது புரிஞ்சதால பெரியவங்களைப் பார்த்து வியக்கறதும் இல்லை, சின்னவங்களை இகழறது அதைவிடவும் இல்லைன்னு முடிக்கிறார்.

நம்ம பாஷையில சொன்னா, பெரிய பேக்கேஜ் வாங்கினவனைப் பார்த்து வாயைப் பிளக்காதே, அரியர் வெச்சவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்காதே. ரெண்டு பேரும் ஒரே ஆத்துலதான் போறாங்க.

கரிசல் நடத்தின கிளாஸ்

நான் சிவில். அதனால மண்ணைப் பத்திப் பேசாம விட மாட்டேன், மன்னிச்சுக்கோங்க.

எங்க லேப்ல ஒரு டெஸ்ட் உண்டு. சலிச்ச மண்ணு பத்து கிராம் எடுத்து ஒரு கண்ணாடி ஜாடியில போட்டு மண்ணெண்ணெய் ஊத்தணும். இன்னொரு பத்து கிராமை அதே மாதிரி இன்னொரு ஜாடியில போட்டு தண்ணி ஊத்தணும். ஒரு நாள் கழிச்சு வந்து பார்த்தா, மண்ணெண்ணெய்ல இருக்கிற கரிசல் சும்மா கிடக்கும். தண்ணியில இருக்கிறது உப்பிப் போய் நிக்கும்! கரிசலுக்குள்ள இருக்கிற மான்ட்மோரில்லோனைட்ங்கிற களிமண் கனிமம் தண்ணியை உள்ள இழுத்து விரியும். காஞ்சா சுருங்கும். அதனாலதான் கோடையில எங்க ஊர் புஞ்சையில கையே உள்ள போற அளவுக்கு வெடிப்பு விழும்.

இந்த வெடிப்பைப் பார்த்தா பாழாப் போன நிலம் மாதிரி தெரியும். ஆனா நடக்கிறது வேற. மேல்மண்ணு அந்த வெடிப்புக்குள்ள சரிஞ்சு விழும். மழை வந்ததும் உப்பி மூடிக்கும். அடி மண்ணு மெல்ல மேல வரும். அதாவது, இந்த மண்ணு தன்னைத்தானே உழுதுக்குது. 'வெர்டிசால்'னு இதுக்கு விஞ்ஞானிகள் வெச்ச பேருக்கே, 'புரளுற மண்ணு'ன்னுதான் அர்த்தம். விரிசல் விடுறதும் அதோட வேலையில ஒரு பகுதி!

ஆனா வீடு கட்டப் போனா இதே மண்ணு வில்லன். சுவர் முழுக்க விரிசல் விடும். 'இன்னும் கனமா அஸ்திவாரம் போட்டு அமுக்கிடலாம்'னு நினைச்சா, அது சின்னக் கட்டடத்தை அப்படியே தூக்கிக் காட்டும். எத்தனை தடவை பூசினாலும் மறுபடி விரியும்.

ரூர்க்கியில இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பிரச்னைக்காகவே ஒரு வகை அஸ்திவாரத்தை வளர்த்தெடுத்துச்சு. அண்டர்-ரீம்டு பைல். ஈரம் ஏறி இறங்குற மேல் மண்ணைத் தாண்டி, சுமார் மூணரை மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, அடியில குடம் மாதிரி அகலப்படுத்தி கான்கிரீட் ஊத்துவாங்க. பிடிமானம் அங்கே, ஆழத்துல. சூப்பர் மேட்டர் மேலே இருக்கு. பைல்களை இணைக்கிற பீம் மண்ணைத் தொடாது. குறைஞ்சது எட்டு சென்டிமீட்டர் இடைவெளி விடணும்னு இந்திய தர நிர்ணய விதியே சொல்லுது. எதுக்கு? மண்ணு உப்பினா உப்பிட்டுப் போகட்டும்னுதான்!

லாவோ ட்சு சிவில் இன்ஜினீயரா இருந்தா இதைத்தான் டிசைன் பண்ணியிருப்பார். மண்ணோட சண்டை போடலை. அதை மாத்தவும் பார்க்கலை. ஆழத்துல காலை ஊன்றிக்கிட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டாச்சு. கட்டடமும் நிக்குது, மண்ணும் அது இஷ்டத்துக்கு மூச்சு விடுது.

நமக்கும் அந்த எட்டு சென்டிமீட்டர் வேணும் பாஸ். ஒவ்வொருத்தர் பேச்சும், ஒவ்வொரு ரிசல்ட்டும் நேரா நெஞ்சுல வந்து இடிக்கிற மாதிரி நம்மளைக் கட்டி வெச்சிருக்கோம். அதான் இத்தனை விரிசல்.

கோவில்பட்டியில வேலையை விட்டவர்

'விடுறது'ன்னா என்னன்னு வாழ்ந்து காட்டின ஒருத்தரோட கதை எங்க பக்கத்துலதான் ஆரம்பிக்குது. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம். அங்கே 1963-ல ஒரு இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல பி.எஸ்ஸி. அக்ரி. அரசாங்க உத்யோகம். சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம் இளங்காடு. பேர் கோ.நம்மாழ்வார்.

பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடணும், எவ்வளவு உரம் போடணும்ங்கிற மாதிரி சோதனைகள்தான் அங்கே வேலை. அவருக்கு ஒரு சந்தேகம் அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. சுத்தி இருக்கிறவங்க எல்லாம் வானம் பார்த்த விவசாயிங்க. மழை வருமா வராதான்னே தெரியாத நிலத்துல, காசு போட்டு வாங்குற இடுபொருளை நம்பி ஆராய்ச்சி பண்ணினா, அது யாருக்குப் பயன்படும்? 1969-ல வேலையை விட்டுட்டார்.

இன்னிக்கும் எங்க பக்கம் கவர்மென்ட் வேலைன்னா குலதெய்வத்துக்குச் சமம். 1969-ல கேட்கவே வேண்டாம். ஆனா அவர் விட்டதும் வீட்டுல உட்காரலை. களக்காடு பக்கம் 'அமைதித் தீவு' அமைப்போட சேர்ந்து பத்து வருஷம் கிராமங்கள்ல வேலை பார்த்தார். அப்புறம் தமிழ்நாடு முழுக்க நடையா நடந்து இயற்கை விவசாயத்தைப் பேசினார். 2004 சுனாமியில உப்பேறிப் போன நாகப்பட்டினம் வயல்களை மீட்க வேலை செஞ்சார். கரூர் மாவட்டத்துல 'வானகம்' பண்ணையை உருவாக்கினார். 2013 டிசம்பர் 30-ல இறக்கிற வரைக்கும் ஓடிக்கிட்டே இருந்தார்.

அவருக்கு ரொம்பப் பிடிச்சவர்கள்ல ஒருத்தர், ஜப்பானைச் சேர்ந்த மசானொபு ஃபுகோகா. 'ஒற்றை வைக்கோல் புரட்சி' எழுதினவர். அவரும் 1938-ல, 25 வயசுல, தாவர நோய் ஆராய்ச்சி வேலையை உதறிட்டு ஊருக்குப் போனவர்தான். அவரோட முறைக்குப் பேரே 'எதுவும் செய்யாத விவசாயம்'. அப்படியே நம்ம வூ-வெய்!

ஆனா இதுல ஒரு முக்கியமான ட்விஸ்ட். ஃபுகோகா ஊருக்கு வந்ததும் அப்பாவோட ஆரஞ்சுத் தோட்டத்தை 'இயற்கையா வளரட்டும்'னு கவாத்து பண்ணாம அப்படியே விட்டார். கிளைகள் ஒண்ணோட ஒண்ணு சிக்கி, பூச்சி விழுந்து, மரங்கள் பட்டுப்போச்சு! அப்போதான் அவருக்குப் புரிஞ்சுது. வருஷக்கணக்கா வெட்டி வளர்த்த மரத்தைத் திடீர்னு கவனிக்காம விடுறது இயற்கை விவசாயம் இல்லை, அது கைகழுவுறது.

நோட் பண்ணிக்கோங்க ஃப்ரெண்ட்ஸ். விடுறது வேற, கைவிடுறது வேற. 'விட்டுட்டேன் பாஸ்'னு சொல்லி அரியர் பேப்பரை எழுதாம இருந்தா, அது தாவோ இல்லை, பட்டுப்போன ஆரஞ்சு மரம்!

ஓட்டப்பிடாரத்து மனுஷர்

எங்க தாலுகா தலைநகரம் ஓட்டப்பிடாரத்தைச் சொல்லாம விட்டா ஊருக்குள்ள விட மாட்டாங்க. வ.உ.சி. 1872-ல அங்கே பிறந்தவர். 1906-ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியை ஆரம்பிச்சு வெள்ளைக்காரனோட கடல்லயே போட்டி போட்டார். 1908-ல கைது. செக்கிழுக்க வெச்சாங்க. 1912 டிசம்பர்ல வெளியே வந்தப்ப கம்பெனியே இல்லை. வக்கீல் தொழில் பண்ற உரிமையும் போயிருந்துச்சு.

இது அவரா விட்டது இல்லை. பிடுங்கப்பட்டது. அதைப் போய் 'எவ்வளவு அழகா விட்டுட்டார் பாருங்க'னு நான் சொன்னா அது அயோக்கியத்தனம். ஆனா பிடுங்கினதுக்கு அப்புறம் அவர் என்ன பண்ணினார்னு பாருங்க. ஜெயிலுக்குள்ளேயே ஜேம்ஸ் ஆலனோட ஆங்கில நூலைத் தமிழாக்கினார். திருக்குறள்ல, தொல்காப்பியத்துல ஆழ்ந்து வேலை செஞ்சார். பின்னால வாலஸ்ங்கிற ஒரு ஆங்கிலேய நீதிபதி வக்கீல் உரிமையைத் திரும்ப வாங்கித் தந்தப்ப, அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு 'வாலேஸ்வரன்'னு பேர் வெச்சார். யோசிச்சுப் பாருங்க. வெள்ளைக்கார அரசாங்கத்தால எல்லாத்தையும் இழந்த மனுஷன், ஒரு வெள்ளைக்காரர் பேரைத் தன் பிள்ளைக்கு வைக்கிறார். சண்டையை விடலை. வெறுப்பை மட்டும் இறக்கி வெச்சுட்டார்.

தாத்தா அழுத நாள்

இப்போ ஒரு உண்மையைச் சொல்லணும். 'விட்டுத்தள்ளு' தத்துவத்தை ஏ.சி. ரூம்ல இருந்து சொன்னா எனக்கே கோபம் வரும். இழக்கிறதுக்கு இருக்கிறவன் விடலாம். ஒரு போக வெள்ளாமைதான் மொத்தச் சொத்துன்னு இருக்கிறவன் எதை விடுவான்?

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டத்துல கொட்டின மழையை மறக்க முடியாது. காயல்பட்டினத்துல மட்டும் 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர்! வருஷத்துக்கு வர வேண்டிய மழை ஒரே நாள்ல. எங்க தாத்தா புஞ்சையில மக்காச்சோளம் கதிர் பிடிச்சு நின்ன சமயம். தண்ணி வடியலை. அத்தனையும் அழுகிப் போச்சு.

தாத்தா அன்னிக்கு அழுதார். வரப்புல உட்கார்ந்து, துண்டை வாய்ல வெச்சுக்கிட்டு. நான் பார்த்திருக்கேன். 'மழையோட சோலி'ன்னு அன்னிக்கு அவர் சொல்லலை.

மறுநாள் சிட்டா, அடங்கல் எல்லாம் எடுத்துக்கிட்டு நிவாரணத்துக்கு மனு கொடுக்கப் போனார். நாலஞ்சு தடவை அலைஞ்சார். தண்ணி வடிஞ்சதும், மிச்சம் இருந்த ஈரத்தை நம்பி ஒரு துண்டு நிலத்துல கொத்தமல்லியை விதைச்சார். அழுகின தட்டையை மடக்கி உழுதப்ப நான் கேட்டேன், 'வருத்தமா இல்லையா தாத்தா?'

'வருத்தம் இல்லாமயா? அதுக்காக அழுகினத தலையில சொமந்துக்கிட்டு அடுத்த வெத போட முடியுமா? எறக்கி வெச்சாத்தானய்யா கை காலியாகும்.'

அப்போ எனக்குப் புரியலை. இந்தப் புரட்டாசியிலதான் புரிஞ்சுது. விடுறதுன்னா அழாம இருக்கிறது இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காம இருக்கிறதும் இல்லை. அழலாம். மனு கொடுக்கலாம். உரிமைக்காகச் சண்டையும் போடலாம். ஆனா அடுத்த விதைக்குக் கை காலியா இருக்கணும். அவ்வளவுதான்.

காலிப் படகு

லாவோ ட்சுவுக்கு அப்புறம் வந்த சுவாங் ட்சு ஒரு சூப்பர் மேட்டர் சொல்லியிருக்கார். நீங்க ஆத்துல படகு ஓட்டிக்கிட்டுப் போறீங்க. இன்னொரு படகு வந்து டமால்னு இடிக்குது. பார்த்தா அதுல ஆளே இல்லை. கோபம் வருமா? வராது. அதுவே உள்ள ஒருத்தன் உட்கார்ந்திருந்தா? அவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவோம். இடி ஒண்ணுதான். நாமதான் உள்ள ஆளை வெச்சுப் பார்க்கிறோம்.

வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் விழுந்தும் ரிப்ளை வரலையா? காலிப் படகு. சீனியர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாரா? காலிப் படகு. அந்த ஹெச்.ஆர். சிரிச்சாரே... அது நக்கலா, நல்ல மனசா? பத்து நாள் ஆராய்ச்சி பண்ணினேன். அவரே மறந்திருப்பார். காலிப் படகு! ஆனா ஒண்ணு, வேணும்னே திரும்பத் திரும்ப வந்து இடிக்கிறவன் காலிப் படகு இல்லை. ராகிங் பண்றவன், தொல்லை கொடுக்கிறவன் மேல கம்ப்ளைன்ட்தான் கொடுக்கணும்.

சரி, கிளாஸ் போதும். ஹோம்வொர்க் டைம்!

இந்த வாரம் செஞ்சு பாருங்க

ஒண்ணு: ஒரு பேப்பர்ல நடுவுல கோடு போடுங்க. இடது பக்கம், 'என் சோலி'. வலது பக்கம், 'வானத்தோட சோலி'. உங்களை அரிக்கிற விஷயத்தைப் பிரிச்சு எழுதுங்க. ரெஸ்யூமைத் திருத்துறது, மாக் இன்டர்வியூ பண்றது எல்லாம் இடது. கம்பெனி எத்தனை பேரை எடுக்கும், பேனல்ல யார் இருப்பாங்கங்கிறது எல்லாம் வலது. இடது பக்கத்துக்கு டயம் டேபிள் போடுங்க. வலது பக்கத்தைக் கிழிச்சிடுங்க.

ரெண்டு: தோத்ததை ஒரே ஒரு தடவை தோண்டுங்க. என்ன தப்பு, அடுத்த தடவை என்ன மாத்தணும்? அரை மணி நேரம். எழுதி வெச்சுட்டு மண்ணைப் போட்டு மூடிடுங்க. ரெண்டாவது தடவை தோண்டினா விதை கெட்டுப் போகும்.

மூணு: விதையை ஆழமாப் போடுங்க. ஒரு லைக், ஒரு பாராட்டுன்னு சின்னத் தூறலுக்கெல்லாம் முளைக்காதீங்க. ஒரு திட்டுக்குக் கருகாதீங்க.

நாலு: ஜெயிச்ச ஃப்ரெண்டோட ட்ரீட்டுக்குப் போங்க. இது ரொம்பக் கஷ்டம். நான் ரெண்டு வாரம் லேட்டாப் போய் ரூம்மேட்கிட்ட உண்மையைச் சொன்னேன். 'தெரியும்டா, தலைவலிக்காரன் யாராவது போர்வைக்குள்ள மொபைல் பார்ப்பானா?'னு சிரிச்சான். பரோட்டாவும் வாங்கித் தந்தான்.

அஞ்சு: எவ்வளவு முயற்சி பண்ணியும் அந்த ரீப்ளே நிக்கலையா? தூக்கம் இல்லாம, 'எதுக்கு இருக்கோம்'ங்கிற அளவுக்குப் போகுதா? அதைத் தனியா சுமக்காதீங்க. வீட்டுல, ஃப்ரெண்டுகிட்ட, நம்பிக்கையான வாத்தியார்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க. 14416-க்கு போன் போட்டா டெலி மானஸ்ல தமிழ்லயே பேசலாம், இலவசம். பாரத்தை இறக்கி வைக்க இன்னொருத்தர் கை கொடுக்கிறதுல வெட்கம் என்ன இருக்கு?

ஊர் பேருக்கு வருவோம். எங்க ஊருக்கு வெளியே ஒரு அணை இருக்கு. மழை ஏமாத்தின வருஷத்துல அதுக்குள்ள ஆடு மேயும். எங்க புஞ்சையில எத்தனையோ போகம் பொய்ச்சிருக்கு. அப்புறமும் ஊர் பேர் எப்போதும்வென்றான்தான். யாரும் மாத்த மனு போடலை. எங்க ஊர் ஆளுங்க எப்போதும் ஜெயிக்கிறவங்க இல்லைன்னு எங்களுக்கே தெரியும். தோத்த வருஷத்துக்கு அடுத்த புரட்டாசியிலயும் விதையோட புஞ்சையில நிப்பாங்க. அதுக்கு வெச்ச பேருன்னு நான் எடுத்துக்கிட்டேன்.

இதை எழுதுற வரைக்கும் ஊர்ல மழை இல்லை. விதை மூணு விரக்கடை ஆழத்துல கிடக்கு. புதன்கிழமை எனக்கு இன்னொரு இன்டர்வியூ. படிக்க வேண்டியதைப் படிச்சாச்சு. சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தாச்சு. ஊர் பேரைக் கேட்டா சத்தமாவே சொல்லப் போறேன்.

என் சோலி முடிஞ்சுது. வரட்டா!